விக்கன் விமானத்தில் வழி தவறாமல் பறக்க

போர் விமான சிமுலேட்டருக்குப் புதியவர்கள் பலர், எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே வழி தவறிவிடுகிறார்கள். டிசிஎஸ் வேர்ல்ட் சிமுலேட்டருக்கு 2017ல் வெளிவந்த ஸ்வீடன் நாட்டு விக்கன் விமானத்தில் இது சகஜம். இதில் ஜிபிஎஸ் கிடையாது.

செல்லும் பாதையில் வரிசையாகக் குறித்து வைக்கும் இடங்களே வே பாயிண்ட்கள். விக்கனில் இவை பி1, பி2 எனத் தரப்படும். வேகத்தையும் திசையையும் வைத்து, இப்போது எங்கே இருக்கிறோம் என விமானத்தின் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். திசையில் 1 டிகிரி பிழை இருந்தாலே, 60 கி.மீ. சென்ற பின் ஏறத்தாழ 1 கி.மீ. விலகிவிடுவோம். நிலத்தின் மேல் பறந்தால், தரையின் மேடு பள்ளங்களை மேப்புடன் ஒப்பிட்டுத் தானாகவே திருத்திக் கொள்ளும். கடலில் ஏது மேடு பள்ளம்?

அங்கேதான் ரேடார் ஃபிக்ஸ் கைகொடுக்கிறது. தீவு அல்லது கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனை ஒன்றை வே பாயிண்ட்டாக வையுங்கள். ரேடாரில் கரை தெளிவாகத் தெரியும். நெருங்கும்போது ரேடார் ட்ரிக்கரைப் பாதி அழுத்தினால், அந்த முனை இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைக்கும் இடத்தில் ஒரு குறி தோன்றும். அதை உண்மையான முனைக்கு நகர்த்தி, ட்ரிக்கரை முழுவதும் அழுத்திடுங்கள். கணக்கு சரியாகிவிடும்.

அவசரம் வேண்டாம். தவறுதலாகப் பக்கத்து முனையில் வைத்து அழுத்தினால், அடுத்து வரும் வே பாயிண்ட்கள் அனைத்தும் சேர்ந்து இடம் மாறிவிடும். இலக்கு என்று போய்ச் சேரும் இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். சந்தேகமாக இருந்தால் அழுத்தாமல் விட்டு, அடுத்த முனை வரும்வரை காத்திருங்கள்.