காரைக் கிளப்பும் கைப்பெட்டி



மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளித் துறைமுகம் நோக்கிச் செல்லும் வழியில், சரக்குப் பெட்டக லாரிகளும் வாடகைக் கார்களும் காத்து நிற்பதைக் காணலாம். நின்ற வண்டியில் விளக்கும் விசிறியும் ஓடிக்கொண்டிருந்தால் பேட்டரி இறங்கிவிடும். பிறகு செல்ஃப் எடுக்காது. முன்பெல்லாம் நான்கு பேர் கூடி வண்டியைத் தள்ளுவார்கள். இன்று செங்கல் அளவுள்ள சிறு பெட்டி ஒன்று அவ்வேலையைச் செய்கிறது. அதற்கு ஜம்ப் ஸ்டார்ட்டர் என்று பெயர். அது சில வேளை ஏன் கைவிடுகிறது, சில வேளை ஏன் தீங்காக முடிகிறது என்பதை இன்று ஆராய்வோம்.

காரின் பேட்டரி, ஈயத் தகடுகளை நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தி அமைத்தது. ஏறக்குறைய 2 வோல்ட்டு தரும் 6 கலங்கள் அதில் தொடராக இணைந்துள்ளன. எஞ்சினைச் சுழற்றிவிடும் மோட்டார், சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தை வேண்டும். அதனை ஒரு கைப்பெட்டி எவ்வாறு தர இயலும்?

இங்கேதான் லித்தியம் வருகிறது. அது உலோகங்களுள் மிக இலேசானது. அதன் அயனிகளைக் கொண்டு இயங்கும் கலம் ஏறத்தாழ 3.7 வோல்ட்டு தரும். இக்கலத்தை உருவாக்கியமைக்காகக் குடெனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவர் 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். கைப்பெட்டிகள் பலவற்றில் இத்தகைய கலங்கள் மூன்று தொடராக உள்ளன. முழுதும் மின்னேறிய நிலையில் கலத்துக்கு 4.2 வோல்ட்டு வீதம் மொத்தம் 12.6 வோல்ட்டு கிடைக்கும்.

கலத்தினுள் நேர்முனைத் தகட்டையும் எதிர்முனைத் தகட்டையும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் பிரித்து நிற்கிறது. அது தலைமயிரினும் மெல்லியது. அயனிகளை ஊடே செல்லவிடும். தகடுகளை ஒன்றோடொன்று தொடவிடாது. நீரைக் கசியவிட்டும் வயல்களைப் பிரித்து நிற்கும் வரப்பினைப் போன்றது அது. ஆனால் அப்படலத்தைச் சூழ்ந்திருப்பது நீரன்று. எளிதில் தீப்பற்றும் கரிமத் திரவம்.

பெட்டி கைவிடும் காரணங்கள் எளியவை. மாதக் கணக்கில் தொடாமல் வைத்திருந்தால் மின்னூட்டம் தானே குறைந்துவிடும். கார் பேட்டரியின் முனைகளில் பூத்த வெண்பூச்சைச் சுரண்டாமல் கவ்விகளை மாட்டினால் மின்சாரம் சரிவரப் பாயாது. காருக்கான 12 வோல்ட்டுப் பெட்டி, லாரியின் 24 வோல்ட்டு அமைப்புக்கு உதவாது. பேட்டரி அடியோடு இறங்கியிருந்தால், பெட்டியின் காப்பு அமைப்பு அதனை உணராமல் மின்சாரம் தர மறுப்பதும் உண்டு. அந்நிலையில் சிலர், காப்பினை மீறச் செய்யும் பொத்தானை அழுத்துகின்றனர். அப்போது சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் தடுப்பார் எவருமில்லை.

இதனினும் பெரிய ஆபத்து, எஞ்சின் கிளம்பிய பின்னர் நேர்வது. ஓடும் எஞ்சினின் மின்னாக்கி ஏறத்தாழ 14 வோல்ட்டு தருகிறது. கவ்விகளைக் கழற்றாமல் விட்டால், 12.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காத கலங்களுக்குள் மின்சாரம் திரும்பப் பாயும். நல்ல பெட்டியில் இதனைத் தடுக்கும் அமைப்பு உண்டு. மலிவுப் பெட்டியில் அது இல்லாமலும் இருக்கலாம்.

மிகை மின்னேற்றம், வெயிலில் நிறுத்திய காரின் சூடு, கீழே விழுந்த அடி ஆகிய எதனாலும் கலம் பழுதடையலாம். பழுதடைந்த கலம் சூடேறும். ஏறக்குறைய 130 பாகையில் பிரிக்கும் படலம் உருகத் தொடங்கும். தகடுகள் தொட்டுக்கொள்ளும். சூடு வேதிவினையை விரைவாக்க, வினை மேலும் சூட்டை வளர்க்கும். ஒரு கலத்தின் தீ அடுத்த கலத்துக்குத் தாவும். எழும் புகையில் நச்சு வாயுக்கள் உண்டு.

எங்கள் ஊரில் வாடகைக் கார் ஓட்டும் என் பழைய மாணவர் ஒருவர், ஒற்றை அறை வீட்டில், பிள்ளைகள் உறங்கும் பாயருகே இப்பெட்டியை இரவெல்லாம் மின்னேற்றி வந்தார். நான் கண்டித்தபோது, "ஐயா, செல்போனையும் அப்படித்தானே வைக்கிறோம்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. செல்போனில் அடங்கிய ஆற்றல் பெரும்பாலும் 20 வாட்டு மணிக்குள். 12,000 மில்லி ஆம்பியர் மணி எனக் குறித்த பெட்டியிலோ, 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 44 வாட்டு மணிக்கு மேல் வருகிறது. அன்றியும், அவ்வாற்றலை ஒரே வீச்சில் வெளியிடுவதற்கென்றே ஆக்கப்பட்டது இது. விபத்து அரிதுதான், ஆனால் அவ்வீட்டுக்கு வாயில் ஒன்றே.

2022 மார்ச்சுத் திங்களில் வேலூரில், இரவில் மின்னேற்றத்தில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியது. புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் உயிர் நீத்தனர். அவ்வாண்டு பல இடங்களிலும் மின் வாகனங்கள் தீப்பற்றியதை அடுத்து, வாகன மின்கலங்களுக்கான சோதனை விதிகளை நடுவண் அரசு கடுமையாக்கியது. புதிய விதிகளின் முதற்கட்டம் 2022 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விதி கடையில் காக்கும். வீட்டில் காக்க வேண்டியவர் நாமே.

ஆகவே இவற்றை மனத்திற் கொள்ளுங்கள். விழித்திருக்கும் நேரத்தில், சிமெண்டுத் தரையில், வாயிலை மறிக்காத இடத்தில் மின்னேற்றுங்கள். சிவப்புக் கவ்வியை நேர்முனையில் முதலில் மாட்டுங்கள். கறுப்பை பேட்டரிக்கு அப்பால் எஞ்சினின் உலோகப் பகுதியில் மாட்டுங்கள். ஏனெனில் பேட்டரியருகே ஹைட்ரஜன் வாயு இருக்கலாம், பொறி ஆகாது. எஞ்சின் கிளம்பியதும் கறுப்பை முதலிலும் சிவப்பைப் பின்னும் கழற்றுங்கள். பெட்டியை வெயிலில் விட்டுவிடாதீர்கள். உப்பிய பெட்டியைக் குத்தவோ எரிக்கவோ குப்பையிற் போடவோ வேண்டா. மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் சேருங்கள். தீப்பற்றினால் பொருளை மீட்க முனையாதீர்கள். எல்லோரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்தி 101ஐ அழையுங்கள்.

என் மாணவர் இப்போது மாலையில் வீடு திரும்பியதும் பெட்டியைத் திண்ணையில் மின்னேற்றி, உணவு முடியுமுன் எடுத்துவிடுகிறார். அவருடைய தொழிலுக்கு இதனால் குறைவொன்றும் இல்லை. உங்கள் இல்லத்திலும் இத்தகைய பெட்டி எங்கே உறங்குகிறது என்று இன்றிரவே பாருங்கள்.