கைத்தச்சரும் மரத்தின் இயல்பும்

கதிரை, மேசை, கட்டில், அலுமாரி முதலியன இன்று ஆலைகளிலே பெருந்தொகையாகச் செய்யப்படுகின்றன. அவை விலை குறைந்தன, விரைந்து கிடைப்பன. அங்ஙனமாகவும், கூடிய பொருளும் காத்திருப்பும் வேண்டி நிற்கும் கைத்தச்சரை நாடுதல் எற்றுக்கு எனச் சிலர் வினவுவர். கையாற் செய்தது என்பதொன்றே ஒரு பொருளுக்குச் சிறப்பாகாது. கைத்தச்சரின் சிறப்பு, மரத்தின் இயல்பை அறிந்து அதற்கிசையத் தொழில் செய்தலிலேயே தங்கியுள்ளது.

மரம் வெட்டுண்ட பின்னரும் அசையுந் தன்மையது. மாரியில் ஈரத்தை ஏற்று விரியும். கோடையில் அதனை விட்டுச் சுருங்கும். இம்மாற்றம் நார் ஓடும் நீளவாட்டில் மிகச் சிறிது, குறுக்குவாட்டிற் பெரிது. அதிலும், ஆண்டுவளையங்களின் போக்கில் நிகழுஞ் சுருக்கம் அவற்றை ஊடறுத்து நிகழ்வதிலும் ஏறத்தாழ இருமடங்காகும். இதனை அறிந்த தச்சர் அலுமாரிக் கதவின் நடுப்பலகையைச் சட்டத்தோடு பசையிட்டு இறுக்கார்; சட்டத்திற் காடி வெட்டி, அதனுள்ளே பலகை விரியவும் சுருங்கவும் இடம் வைப்பார். கதிரைக் காலையும் குறுக்குச் சட்டத்தையும் ஆணியை நம்பிப் பிணியார். ஒன்றன் நுனியை நாக்குப்போலச் செதுக்கி, மற்றதன் துளையிற் செறிப்பார். இத்தகைய கதிரையின் கால் முறியின் அக்காலை மட்டும் மாற்றலாம். மரத்தூளையும் சீவலையும் பசையிட்டு அழுத்திய பலகையோ, நீர்பட்டு ஊதினாற் பழைய வடிவை அடையாது; திருகாணி கழன்ற துளை மீளப் பற்றுதலும் அரிது.

ஐக்கிய அமெரிக்காவிலே புகழ்பெற்ற ஜோர்ஜ் நாகஷிமா (1905–1990) இதற்குத் தக்க சான்றாவர். யப்பானிய வழியினரான இவர் கட்டடக்கலை கற்றவர். புதுச்சேரி அரவிந்தர் ஆச்சிரமத்திலே கோல்கொண்ட் என்னும் விடுதி எழுந்தபோது அப்பணியை மேற்பார்த்தவர். ஆங்குச் சுந்தரானந்தர் என்னும் பெயரும் பெற்றவர். இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல், தம்மினத்தார் பலரோடு தடுப்பு முகாமில் வைக்கப்பட்டார். அம்முகாமிலிருந்த கெந்தாரோ ஹிகோகாவா என்னும் தச்சரிடமே யப்பானியத் தச்சு முறைகளைப் பயின்றார். 1943இல் விடுதலையுற்றுப் பென்சில்வேனியாவிற் குடியேறித் தொழில் நடத்தினார். வெடிப்புடைய பலகையென்று அவர் கழித்தாரல்லர். வெடிப்பின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவான மரத்துண்டுகளைப் பதித்து, அது மேலும் விரியாது காத்தார். பிறர் குறையெனக் கண்டது அவர் கையில் மேசைக்கு அழகாயிற்று.

எனினும், கைத்தச்சர் யாவரும் ஒருதன்மையரல்லர். ஈரங்காயாத மரத்தை இழைத்து, வெடிப்பை மெழுகால் மூடி, மேலே மினுக்கெண்ணெய் பூசுவாரும் உளர். ஆதலின், வேலை ஒப்புவிக்குமுன் சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும். மரம் முதிரையோ, தேக்கோ, வேம்போ? அறுத்தபின் எவ்வளவு காலம் உலர்ந்தது? மூட்டுகள் எம்முறையிற் பொருத்தப்படும்? பழுதுற்றால் அவரே திருத்துவாரா? முன்னர் அவர் செய்த மேசையின் இழுப்பறையைக் கழற்றி, அதன் அடிப்புறத்தையும் நோக்குக. கண்படாத இடத்திற் காட்டிய கவனமே தொழிலாளியின் நேர்மைக்கு அளவுகோலாகும்.

இவ்வறிவு பெரும்பாலும் ஏட்டில் நிற்பதன்று. பட்டறையிலே கையிலிருந்து கைக்குச் செல்வது. வேலை கொடுப்பார் இலராயின் மாணாக்கர் சேரார். மாணாக்கர் இன்றேல் ஒரு தலைமுறையிலேயே அது மறையும். ஆதலின், நல்ல தச்சரிடம் ஒரு கதிரை செய்விப்பவர் தமக்கு இருக்கை தேடுவதோடு, அக்கலைக்கும் ஓர் இருக்கை அளிப்பவராவர்.