தொகுப்பிப் புதுப்பிப்புக்குப் பின் நிலைகுலையும் சொல்லடைவுச் செயலிகள்: தருமபுரி மாவட்டப் பெயர்களை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பல ஆண்டுகள் சிக்கலின்றி இயங்கிய மேசைக்கணினிச் செயலி ஒன்று, கம்பைலர் எனப்படும் தொகுப்பியைப் புதுப்பித்து மீண்டும் உருவாக்கியவுடன் இடையில் நின்றுபோவதுண்டு. குறை பெரும்பாலும் புதிய தொகுப்பியில் இல்லை. பழைய நிரலில் மறைந்திருந்த பிழையே வெளிப்படுகிறது. தமிழ்த் தரவைக் கையாளும் நிரல்களில் இப்பிழை தனித்தன்மையுடன் தோன்றுகிறது. அதன் காரணங்கள், கண்டறியும் முறை, முன்னர்ப் பெற்ற ஆய்வு முடிவுகளின் நம்பகத்தன்மை ஆகியவற்றை இக்கட்டுரை தருமபுரி மாவட்டப் பெயர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தொகுப்பி, சொல்லடைவு, யூனிகோடு, வரையறுக்கப்படாத நடத்தை, சரம், நினைவகப் பிழை, தருமபுரி.

முன்னுரை

சொல்லடைவு, தொடரடைவு, ஊர்ப்பெயர் அடைவு ஆகியவற்றை உருவாக்கச் சி, சி++ மொழிகளில் எழுதப்பட்ட செயலிகள் தமிழாய்வில் நீண்ட காலமாகப் பயன்பட்டு வருகின்றன. இவற்றுள் பல, டிஸ்கி போன்ற எட்டுபிட்டுக் குறியேற்றங்கள் வழக்கிலிருந்த காலத்தில் எழுதப்பட்டுப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றப்பட்டவை. இயங்குதளம் மாறும்போது இவற்றைப் புதிய தொகுப்பியால் மீண்டும் உருவாக்க நேர்கிறது. அப்போது செயலி நிலைகுலைந்தால் பழைய தொகுப்பிக்கே திரும்புவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் அவ்வழி பிழையை நீக்குவதில்லை. மறைக்க மட்டுமே செய்கிறது.

வரையறுக்கப்படாத நடத்தை

சி, சி++ மொழிகளின் செந்தரம் சில செயல்களுக்கு எந்த விளைவையும் உறுதிசெய்வதில்லை. விடுவிக்கப்பட்ட நினைவகத்தைப் படித்தல், மதிப்பைத் திருப்பித் தரவேண்டிய செயற்கூறு தராமல் முடிதல், வெற்றுச் சுட்டு வழியாக உறுப்பை அழைத்தல் போன்றவை அத்தகையவை. இவற்றுக்கு ‘வரையறுக்கப்படாத நடத்தை’ என்று பெயர். இத்தகைய நிரல் ஒரு தொகுப்பியில் சரியாக இயங்குவது தற்செயல். அடுத்த பதிப்பு அத்தற்செயலைக் காக்கக் கடமைப்பட்டதன்று.

2016ஆம் ஆண்டு வெளியான ஜிசிசி 6 இதற்குத் தெளிவான சான்று. உறுப்புச் செயற்கூறு ஒன்றை அழைக்கும் பொருளின் சுட்டு வெற்றாக இருக்காது என்று கொண்டு, அதனைச் சோதிக்கும் வரிகளை அது உகப்பாக்கத்தின்போது நீக்கியது. இதனால் கியூட்டி 5, குரோமியம், கேடெவலப் ஆகியவற்றின் அன்றைய நிரல்கள் பாதிக்கப்படும் என வெளியீட்டுக் குறிப்பே சுட்டியது. 2018இல் வந்த ஜிசிசி 8, மதிப்பைத் தராமல் முடியும் சி++ செயற்கூறின் இறுதியை எட்டவே இயலாத இடமாகக் கருதியது. அதனால் உகப்பாக்கிய நிரல், தொடர்பற்ற அடுத்த செயற்கூறுக்குள் நுழைந்து நிலைகுலைய இடமேற்பட்டது.

அரூரும் தகடூரும்: சரத்தின் உள்ளமைப்பு

தமிழ்த் தரவோடு நேரடித் தொடர்புடைய மாற்றம் 2015இல் ஜிசிசி 5 வழியாக வந்தது. அதற்கு முன், எழுத்துச் சரம் ஒன்றைப் படியெடுத்தால் எழுத்துகள் படியெடுக்கப்படவில்லை. இரு சரங்களும் ஒரே நினைவகப் பகுதியைப் பகிர்ந்துகொண்டன. 2011ஆம் ஆண்டின் சி++ செந்தரம் இம்முறைக்கு இடமளிக்கவில்லை. எனவே புதிய அமைப்பில் ஒவ்வொரு சரமும் தன் எழுத்துகளைத் தானே வைத்துக்கொள்கிறது. 15 பைட்டு வரையிலான சரம், சரப்பொருளின் உள்ளேயே இடம்பெறுகிறது. அதைவிட நீண்டது வெளியே தனி நினைவகத்தில் வைக்கப்படுகிறது.

யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும். எனவே உள்ளே அடங்குபவை ஐந்து குறிகள் மட்டுமே. ‘அரூர்’ என்பது அ, ர, ஊகாரக் குறி, ர, புள்ளி என ஐந்து குறிகள். சரியாக 15 பைட்டு. தருமபுரியின் பழம்பெயரான ‘தகடூர்’ ஆறு குறிகள், 18 பைட்டு. முன்னது உள்ளே அடங்கும். பின்னது வெளியே செல்லும்.

மாவட்டத்தின் ஏழு வட்டங்களான அரூர், காரிமங்கலம், தருமபுரி, நல்லம்பள்ளி, பாப்பிரெட்டிப்பட்டி, பாலக்கோடு, பென்னாகரம் ஆகியவற்றை ஒரு நிரல் அகரவரிசையில் வெக்டர் அணியில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு பெயரையும் சேர்த்தவுடன் அதன் எழுத்துகளின் நினைவக முகவரியை அடைவு தனியே குறித்துக்கொள்கிறது. அணி வளரும்போது சரப்பொருள்கள் புதிய இடத்திற்குப் பெயர்க்கப்படும். பழைய அமைப்பில் எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருந்ததால் முகவரிகள் செல்லுபடியாயின. புதிய அமைப்பில், 2011ஆம் ஆண்டின் செந்தரத்தையோ அதற்குப் பிந்தையதையோ பின்பற்றித் தொகுத்தால், நீண்ட பெயர்களின் வெளி நினைவகம் அப்படியே கைமாறும். அவற்றின் முகவரிகள் பிழைத்துக்கொள்ளும். பொருளுக்குள்ளேயே இருந்த ‘அரூர்’ மட்டும் இடம்பெயர்ந்துவிடும். அதன் பழைய முகவரி விடுவிக்கப்பட்ட நினைவகத்தைச் சுட்டி நிற்கும்.

விளைவாக, ஆறு பெயர்கள் சரியாகத் தோன்ற, அரூருக்குரிய இடத்தில் வெற்றிடமோ சிதறிய எழுத்துகளோ தோன்றலாம். செயலி நின்றும் போகலாம். ‘குறுஞ்சொற்கள் மட்டும் காணாமற்போகின்றன’ என்ற அறிகுறி, எழுத்துருவிலோ குறியேற்றத்திலோ குறை இருப்பதாக ஆய்வாளரை எண்ணவைக்கும். உண்மையில் அது நினைவகப் பிழை. முகவரிக்கு மாறாகச் சரத்தையோ அணியின் வரிசை எண்ணையோ அடைவு சேமிப்பதே தீர்வு.

பழைய அமைப்பில் தொகுத்த நிரல் நூலகத்தைப் புதிய அமைப்பில் தொகுத்த செயலியோடு இணைப்பதும் நிலைகுலைவுக்குக் காரணமாகும். பெரும்பாலும் இது இணைப்புக் கட்டத்திலேயே பிழையாகத் தெரியவரும். ஆனால் சரத்தை உறுப்பாகக் கொண்ட கட்டமைப்புகள் பரிமாறப்படும்போது தடையின்றி இணைந்து, இயங்கும்போது சிதையும். விண்டோஸில் விஷுவல் சி++ 2015க்கு முந்தைய பதிப்புகளின் நூலகங்களைக் கலப்பதிலும் இதையொத்த இடர் உண்டு.

எழுத்தா, இல்லையா

சொற்பிரிப்பு நிரல்கள் ஒவ்வொரு பைட்டும் எழுத்தா என்று சி மொழியின் வகைப்பாட்டுச் செயற்கூறுகளைக் கேட்கின்றன. அவற்றுக்கு 0 முதல் 255 வரையிலான எண்ணோ, கோப்பின் முடிவைக் குறிக்கும் எண்ணோ மட்டுமே தரப்படலாம். இன்டெல் வகைக் கணினிகளில் ‘சார்’ என்னும் தரவினம் இயல்பாகக் குறியுடையது. 127க்கு மேற்பட்ட பைட்டு எதிர்மறை எண்ணாகிவிடும். ‘த’ என்பதன் 224, 174, 164 ஆகிய பைட்டுகள் -32, -82, -92 என்றாகும். லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் இத்தகைய எண்களையும் பொறுத்துக்கொள்ளும் வகையில் அமைந்தது. விஷுவல் சி++ இன் பிழைதேடு பதிப்போ செயலியை உடனே நிறுத்திவிடும்.

குறியற்ற வகைக்கு மாற்றினால் நிலைகுலைவு நீங்கும். ஆய்வுப் பிழை நீங்காது. யூனிகோடு வகைப்பாட்டில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் ‘எழுத்து’ வகையில் சேராமல் ‘குறி’ வகையில் சேர்கின்றன. எழுத்து வகையை மட்டும் ஏற்கும் நிரல் ‘தகடூர்’ என்பதைத் ‘தகட’, ‘ர’ என இரு சொற்களாக எண்ணும். எனவே இரு வகைகளையும் சொல்லின் உறுப்பாகக் கொள்ளுதல் இன்றியமையாதது.

கண்டறியும் முறை

முதலாவதாக, பழைய இடைநிலைக் கோப்புகளை முற்றிலும் நீக்கி, செயலியையும் அது சார்ந்த நூலகங்களையும் ஒரே தொகுப்பியால் மீண்டும் உருவாக்க வேண்டும். இரண்டாவதாக, எச்சரிக்கைகள் அனைத்தையும் இயக்கி அவற்றைக் களைய வேண்டும்; மதிப்பைத் தராத செயற்கூறுகள் இங்கேயே அகப்படும். மூன்றாவதாக, பிழைதேடு விவரங்களுடன் உருவாக்கி, நிலைகுலைந்த இடத்தின் அழைப்பு வரிசையை ஜிடிபி கருவியால் காணவேண்டும். நான்காவதாக, ஜிசிசி 4.8 முதல் கிடைக்கும் அட்ரஸ் சானிடைசரையும், 4.9 முதல் கிடைக்கும் வரையறுக்கப்படாத நடத்தைக்கான சானிடைசரையும் இயக்க வேண்டும். அரூர் எடுத்துக்காட்டில் உள்ள பிழையை, எந்த வரி விடுவித்த நினைவகத்தைப் படித்தது என்பது வரை முன்னது காட்டிவிடும்.

உகப்பாக்கத்தை நிறுத்தினால் செயலி இயங்குகிறது என்பது தடயம் மட்டுமே, தீர்வன்று. வெற்றுச் சுட்டுச் சோதனைகளை நீக்காதிருக்கச் செய்யும் விருப்பமும், பழைய சர அமைப்பையே பயன்படுத்தும் விருப்பமும் ஜிசிசியில் உண்டு. இவற்றைத் தற்காலிக ஏற்பாடாகவே கொள்ள வேண்டும்.

முடிவுரை

நிலைகுலையும் செயலி தன் பிழையை அறிவிக்கிறது. நிலைகுலையாமல் தவறான அடைவைத் தரும் செயலி அறிவிப்பதில்லை. ஆய்வுக்குப் பின்னதே பெருங்கேடு. எனவே பிழை கண்டறியப்பட்டபின், திருத்திய நிரலைப் பழைய தரவின்மீது மீண்டும் இயக்கி, முன்னர் வெளியிட்ட சொல்லெண்ணிக்கைகளோடு ஒப்பிடுதல் கடமையாகிறது. ஐந்து குறிக்கு உட்பட்டவை, மேற்பட்டவை, புள்ளியில் முடிபவை எனத் தேர்ந்த சில சொற்களைச் சோதனைத் தரவாக வைத்திருத்தல் நன்று. மேற்காட்டிய ஏழு வட்டப் பெயர்களும் தகடூரும்கூட இதற்குப் போதிய தொடக்கமாகும். ஆய்வேட்டின் நெறிமுறைப் பகுதியில் பதிப்பு நூலைக் குறிப்பிடுவதுபோலத் தொகுப்பியின் பதிப்பையும் தொகுப்பு விருப்பங்களையும் குறிப்பிட்டால், பிறர் அதே அடைவை மீண்டும் உருவாக்கிச் சரிபார்க்க இயலும்.