உழைக்கும் கமக்காரரும் இருதய நோயும்

வயலில் உழைப்பவரை இருதய நோய் அணுகாது என்று எண்ணுதல் தவறு. உணவில் உப்பு மிகுந்தால் இரத்த அழுத்தம் உயரும். அது பெரும்பாலும் அறிகுறி எதுவுமின்றியே இருதயத்தைக் கெடுக்கும்.

கருவாடு, ஊறுகாய் முதலியவற்றிலுள்ளதும் சேர்த்து, ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உப்பு 5 கிராமுக்கு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு, மேற்படலாகாது. சோற்றுக்கு உப்பிடுவதை நிறுத்துக. தேசிக்காய்ப்புளியும் மிளகும் கறிவேப்பிலையும் சேர்ப்பின் உப்புக் குறைந்த கறியும் சுவைக்கும்.

மரக்கறியும் பழமும் நாளொன்றுக்கு 400 கிராமேனும் உண்ணல் நன்று. இதற்கென வேலியோரத்தில் முருங்கையும் கிணற்றடியில் வல்லாரையும் பொன்னாங்காணியும் நடுக. சுருட்டு, பீடி ஆகியவற்றை அறவே விடுக. அறுவடை முடிந்து வேலை ஓய்ந்த நாட்களிலும் அரைமணி நேரம் விரைந்து நடத்தல் வேண்டும்.

நடுமார்பில் இறுக்கமும் உடலில் வியர்வையும் தோன்றின், வாய்வு எனக் கருதிக் காலங்கடத்தாது உடனே வைத்தியசாலைக்குச் செல்க.