நுரையீரலில் ஒரு புள்ளி: ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

"தாரிக் நாஃபாஸ்... தாஹான்" என்று மலாயில் குரல் வரும். மூச்சை இழுத்துப் பிடித்தபடி சிடி ஸ்கேன் வளையத்துக்குள் போய் வருவோம். ஷா ஆலம் மருத்துவமனையோ கிள்ளானோ, எங்கும் சில நிமிட வேலைதான். ஆனால் அறிக்கையில் 'வலது மேல் மடலில் 7 மில்லிமீட்டர் முடிச்சு' என்று ஒரு வரி இருந்துவிட்டால் அன்றிரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. புற்றுநோயா, இல்லையா? அந்த ஒரு கேள்விக்குப் படத்தால் மட்டும் பதில் சொல்ல முடிவதில்லை.

நுரையீரலில் 3 சென்டிமீட்டர் வரையிலான உருண்டை நிழலை முடிச்சு என்கிறார்கள். 1 சென்டிமீட்டருக்கும் குறைந்தது என்றால், சாதாரண எக்ஸ்ரேயில் விலா எலும்புக்கும் இதயத்துக்கும் பின்னால் எளிதில் மறைந்துவிடும். சிடியோ மிளகளவு இருந்தாலும் காட்டிவிடுகிறது. அதுவே புதிய சிக்கல். நெடுங்காலம் புகைத்த 53,000க்கும் மேற்பட்டோரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. எக்ஸ்ரே எடுத்தவர்களைவிடச் சிடி எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 விழுக்காடு குறைந்தது. பெரிய நன்மைதான். ஆனால், சந்தேகத்துக்குரியவை எனச் சிடி காட்டிய 100 முடிவுகளில் 96 புற்றுநோயே இல்லை.

மலேசியாவில் இன்னொரு குழப்பமும் உண்டு: காசநோய். அது ஆறிய தழும்பும் முடிச்சாகத் தெரியும். அதுவும் பெரும்பாலும் மேல் மடலில், புற்றுநோய் அதிகம் வரும் அதே இடத்தில். முழுக்கச் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் பயமில்லை எனலாம். மற்றவற்றில் சிலவற்றுக்குப் பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் செல்களை அது ஒளிரச் செய்யும். காசநோய்க் கிருமியோடு போராடும் செல்களும் சர்க்கரையை உறிஞ்சுவதால் புற்றுநோயும் காசநோயும் ஒரே மாதிரி ஒளிரலாம். 8 மில்லிமீட்டருக்குக் குறைந்தவையும் மெதுவாக வளரும் சில புற்றுகளும் ஒளிராமலே தப்பிவிடுவதுண்டு.

ஆகவே டாக்டர்கள் காலத்தை நம்புகிறார்கள். 6 மில்லிமீட்டர் முடிச்சு 7.5 ஆனால் கண்ணுக்குச் சொற்ப மாற்றம். கனஅளவோ ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் இருவர் அளந்தாலோ, மூச்சுப் பிடித்த விதம் மாறினாலோ அந்த ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம் தானாகவே வந்துவிடலாம். "சில மாதம் கழித்து மறுபடி எடுப்போம்" என்று டாக்டர் சொல்வதை அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள். சந்தேகம் வலுத்தால் காசநோயா என்று சளிப் பரிசோதனையும், புற்றுநோயா என்று ஊசியால் எடுக்கும் திசுவும் பெரும்பாலும் முடிவு சொல்லும். அந்த ஊசியும் சிறு முடிச்சைத் தவறவிடலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசியவும் வைக்கலாம்.

இந்த நாட்டில் நுரையீரல் புற்றுநோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு நோய் முற்றிய பிறகே தெரியவருகிறது. மறு ஸ்கேன் தேதியைத் தவறவிடாதீர்கள். பழைய எக்ஸ்ரே, சிடி படங்கள் எங்கே இருந்தாலும் தேடி எடுத்துப் போங்கள். இரண்டு ஆண்டுக்கு முந்தைய படத்திலும் அந்த முடிச்சு அதே அளவில் இருந்தால் பாதிப் பயம் அங்கேயே தீர்ந்துவிடும். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ எப்போதாவது காசநோய் வந்திருந்தால், கூச்சப்படாமல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.