தூரத்து மகனுக்குப் பெருநாட் செய்தி

பெருநாட் காலம் நெருங்கும்போது, வீட்டை விட்டுத் தூரத்தே இருக்கும் பிள்ளையின் நினைவு பெற்றோர் உள்ளத்தில் இரட்டிப்பாக எழுவது உலக இயல்பு. இதில் நாட்டு வேறுபாடும் இல்லை. சமய வேறுபாடும் இல்லை. ஆயினும் ஐக்கிய அமெரிக்காவின் மேற்கே, மலைகள் சூழ்ந்த யூட்டா மாநிலத்திலே, இந்நினைவு ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரே வேளையில் எழுகின்றது. அங்கே பத்தொன்பது வயது மகன் நத்தார் விருந்துக்கு வரவில்லையென்றால் எவரும் வியப்படைவதில்லை. 'மிசனில் இருக்கிறான்' என்று தாய் சொல்வாள். கேட்டவர் தலையசைத்து, 'எந்த நாட்டில்?' என்று மட்டும் வினவுவார்.

மிசனரிமார் என்றால் நமக்குப் பழக்கமான சொல். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, தமிழிலே மேனாட்டு வைத்தியம் கற்பித்த டாக்டர் கிறீன் போன்றவர்களை நாம் அறிவோம். அதே 1847ஆம் ஆண்டு ஜூலை 24ஆந் தேதி, பிரிகம் யங் என்பவரின் தலைமையில் யூட்டாவின் உப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்த மக்கள் வேறொரு சபையினர். அச்சபையை 1830இல் நியூயோர்க் மாநிலத்தில் யோசேப்பு சிமித் என்பவர் நிறுவினார். 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பது அதன் முழுப்பெயர். 'மோர்மன்' என்ற பெயரைத் தவிர்க்குமாறு 2018இல் சபை கேட்டுக்கொண்டதாயினும், உலக வழக்கில் அப்பெயர் இன்னும் மறையவில்லை.

இச்சபையின் மிசனரிமார் பெரும்பாலும் இளைஞர்களே. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, ஆண்கள் இரண்டாண்டும் பெண்கள் பதினெட்டு மாதமும் சமயப் பணிக்குச் செல்கின்றனர். ஆண்களுக்குரிய குறைந்த வயது 2012 ஒக்டோபரில் 19இலிருந்து 18 ஆக்கப்பட்டது. அண்மைக் காலத்தில் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் உலகெங்கும் ஒரே வேளையில் பணியாற்றி வந்துள்ளனர். இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. குடும்பமே செலவைத் தாங்குகின்றது. ஐக்கிய அமெரிக்கக் குடும்பங்கள் அதற்கெனக் கட்டும் மாதத் தொகை 2020 ஜூலையில் 400 டொலரிலிருந்து 500 டொலராக உயர்ந்தது. எந்த நாட்டுக்குச் செல்வது என்பதைச் செல்பவர் தெரிவுசெய்வதில்லை. சபையின் அழைப்பு வரும் நாளில் உற்றார் உறவினர் கூடியிருக்க, அதனை உரத்து வாசிப்பது ஒரு சிறு விழாவாகவே நடைபெறும். அது பிரேசிலாகவும் இருக்கலாம். அடுத்த மாநிலமாகவும் இருக்கலாம்.

போனவன் இடையிலே விடுமுறைக்கு வருவதில்லை. அக்காளின் திருமணமாயினும் சரி, நத்தாராயினும் சரி, அவன் இருக்குமிடத்திலேயே இருப்பான். எப்போதும் துணைவன் ஒருவனுடன், இருவர் இருவராக, மார்பிலே பெயர்ச்சீட்டுத் தாங்கித் தெருத்தெருவாகச் செல்வான். பல கதவுகள் முகத்திலே சாத்தப்படும். இத்தகைய வாழ்விலே வீட்டுச் செய்திக்கு என்ன மதிப்பு என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம்.

முன்னோர் பிரிந்த கதை

இப்பிரிவு அம்மக்களுக்குப் புதியதன்று. 1839 செப்டெம்பரில் பிரிகம் யங்கும் ஹீபர் கிம்பல் என்பவரும் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட காட்சியை அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லுகின்றனர். இருவரும் குளிர்காய்ச்சலால் நிற்கவும் வலியற்றிருந்தனர். யங்கின் மனைவி பிள்ளை பெற்றுப் பத்து நாளே ஆகியிருந்தது. கிம்பலின் வீட்டிலே, நோயாளருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க நாலு வயதுச் சிறுவன் ஒருவனே எழுந்து நடமாடக்கூடியவனாக இருந்தான். வண்டி சிறிது தூரம் சென்றதும், இவ்வண்ணம் வீட்டாரை விட்டுப் போவது தகாது என்று கிம்பலுக்குத் தோன்றிற்று. வண்டியை நிறுத்தச் செய்து, இருவரும் தட்டுத் தடுமாறி எழுந்து, தொப்பியை வீசி மும்முறை மகிழ்ச்சி ஆரவாரம் செய்தனராம். படுக்கையிற் கிடந்த மனைவியர் வாசலுக்கு வந்து விடைகொடுத்தனர். அவர்கள் திரும்பி வந்தது 1841 ஜூலையிலே. அதுவரை கிம்பலுக்கும் அவர் மனைவி விலேட்டுக்கும் இடையே பாலமாக இருந்தவை கடல் கடந்து சென்ற கடிதங்களே.

1852இல் யூட்டாவிலிருந்து நூற்றுக்கு மேற்பட்டோர் பல நாடுகளுக்கும் அனுப்பப்பட்டனர். சீயத்துக்கென்று குறிக்கப்பட்ட நால்வர் 1853இல் கல்கத்தாவை அடைந்தனர். அவர்களுள் சோன்சி வெஸ்ட், பெஞ்சமின் டியூவி என்னும் இருவர் நமது இலங்கைக்கும் வந்தனர், இங்கு அவர்கள் முயற்சி பலிக்கவில்லை, பம்பாய்க்குச் சென்றுவிட்டனர். நால்வருள் மற்றொருவரான லீவை சாவேஜ் பர்மாவில் பணியாற்றினார். தாயை இழந்த தம் சிறுமகனை உறவினரிடம் ஒப்படைத்து வந்தவர் அவர். 1856இன் இறுதியிலேதான் அவர் யூட்டாவை மீண்டும் கண்டார். கைக்குழந்தையாய் விட்டுப்போன மகன் அதற்குள் ஓடியாடும் சிறுவனாக வளர்ந்திருந்தான். பாய்க்கப்பற் காலத்துத் தபாலிலே அக்குழந்தையின் வளர்ச்சியை எவ்வளவுதான் அறிந்திருக்க முடியும்?

ஆண்டுக்கு இரண்டு அழைப்பு

தொலைபேசி வந்த பின்னரும் கட்டுப்பாடு நீங்கிவிடவில்லை. நீண்ட காலமாக மிசனரி இளைஞர் வீட்டாருடன் பேச அனுமதிக்கப்பட்டது ஆண்டில் இரண்டே நாட்களில்: ஒன்று நத்தார், மற்றது மே மாதத்து அன்னையர் தினம். ஏனைய நாட்களிலே வாரம் ஒருமுறை கடிதம், பிற்காலத்தில் மின்னஞ்சல். அடிக்கடி பேசினால் வீட்டேக்கம் மிகுந்து பணியிலே மனம் நில்லாது என்பதே இக்கட்டுப்பாட்டுக்குச் சொல்லப்பட்ட நியாயம். நத்தார் தினத்தன்று தொலைபேசியைச் சூழ்ந்து குடும்பமே உட்கார்ந்திருக்கும். மணி ஒலித்ததும் எல்லோரும் ஒரே வேளையிற் பேசத் தொடங்குவர். தாயோ ஒன்றும் பேசாது அழுவாள்.

2019 பெப்ரவரி 15ஆந் தேதி இவ்விதி மாற்றப்பட்டது. வாரந்தோறும் ஓய்வு நாளிலே குடும்பத்தாருடன் பேசலாம், முகம் பார்த்தும் பேசலாம் என்று சபை அறிவித்தது. அந்த ஓய்வு நாள் பல மிசன்களிலே திங்கட்கிழமை. மோர்மன் குடும்பங்கள் வாரத்தில் ஒரு மாலையைக் குடும்பத்துக்கென்றே ஒதுக்கும் வழக்கம் 1915இல் தொடங்கி, 1970 முதல் திங்கள் மாலைக்கென வகுக்கப்பட்டது. ஆகவே வெளியூர்ப் பிள்ளையின் செய்தியும் வீட்டார் கூடும் மாலையும் பலவிடத்து ஒரே நாளில் வந்து பொருந்துகின்றன.

எதை எழுதுவது, எதை மறைப்பது?

வழி எளிதாயிற்று, ஆனால் வினா ஒன்று அப்படியே நிற்கின்றது. பெருநாட் செய்தியாக எதைச் சொல்வது? மகிழ்ச்சியைச் சொன்னால் அவன் ஏங்குவான். துன்பத்தைச் சொன்னால் அவன் கலங்குவான். ஆகவே பாதுகாப்பான சில வார்த்தைகளை எழுதி அமைந்துவிடலாமென்று பெற்றோர் எண்ணக்கூடும். அத்தகைய கடிதம் ஒன்று இவ்வாறு அமையுமெனக் கொள்வோம்:

'அன்புள்ள மகனே, நாங்கள் யாவரும் நலம். நத்தார் சிறப்பாக நடந்தேறியது. உன்னை எண்ணி மிகவும் பெருமைப்படுகின்றோம். சபையிலே எல்லோரும் உன்னைப் பற்றியே பேசுகின்றனர். மனந்தளராது பணிசெய்.'

இதிலே குற்றம் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் அயல் நாட்டிலே மொழி விளங்காமல், துணைவனோடு மனம் ஒவ்வாமல், இரவிலே உறக்கம் வராமல் கிடக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளை இதனைப் படித்தால் என்ன செய்வான்? ஊரே தன்னைப் பற்றிப் பெருமை பேசுகையில், 'என்னால் முடியவில்லை, அம்மா' என்று எவ்வாறு எழுதுவான்? 'நானும் நலம்' என்று எழுதித் தபாலிற் சேர்ப்பான். உடல்நோயாலோ மனநோயாலோ தவணைக்கு முன்னரே வீடு திரும்பும் இளைஞரும் உண்டு. ஊராரின் கண்ணுக்கு அஞ்சி, திரும்பிய பின்னர் கோயிலுக்குப் போகவும் கூசுபவர் அவர்களுட் பலர். அவர்களைப் பெருமை என்னும் சுமை எவ்வளவு அழுத்தியிருக்கும் என்பதைப் பெற்றோர் முன்னரே சிந்தித்தல் நன்று.

இனி வேறொரு தாயின் கடிதத்தைக் கற்பனை செய்வோம்:

'அன்புள்ள மகனே, இரண்டு நாளாகப் பனி ஓயவில்லை. வாசற் பனியை வாரித் தள்ளுவது உன் வேலையல்லவா? இம்முறை தம்பி அதை ஏற்றான். அரைமணி நேரத்தில் பனிவாரியின் பிடியை முறித்துவிட்டான். நன்றியறிதல் நாள் விருந்திலே வான்கோழி சற்றுக் கருகிவிட்டது. உன் அப்பா மட்டும் அதுவே நல்ல பதமென்று சாதித்தார். தாத்தாவுக்கு நெஞ்சுநோ வந்து இரண்டு நாள் வைத்தியசாலையில் இருந்தார். இப்போது வீடு வந்துவிட்டார், நன்றாகச் சாப்பிடுகிறார், உன் பங்குப் பூசணிப் பணியாரத்தையும் அவரே தின்று தீர்த்தார். நத்தார் இரவில் உன் பெயரைச் சொல்லிச் செபித்தபோது அப்பாவின் குரல் தடுமாறிற்று, இருமுவதுபோல் மறைத்துக்கொண்டார். நீ எப்படி இருக்கிறாய்? நலம் என்று மட்டும் எழுதிவிடாதே.'

இக்கடிதம் மகனை ஏங்கச் செய்யாதா? செய்யும். டிசெம்பர் மாதத்துக் கடுங்கோடையிலே, பிரேசில் நாட்டு ஊரொன்றில், வியர்வை வழிய இருந்து அவன் யூட்டாவின் பனியைப் பற்றிப் படிப்பான்; கண்ணும் கலங்கும். ஆயினும் அந்த ஏக்கம் அவனை வீட்டுக்கு இழுக்கும் கயிறன்று. வீட்டிலே தனக்குரிய இடம் இன்னும் இருக்கின்றது என்ற உறுதியே அது. தாத்தாவின் நோயை மறைக்காமற் சொன்ன வீட்டாரிடம், தன் நோவையும் மறைக்காமற் சொல்லலாம் என்ற துணிவு அவனுக்குப் பிறக்கும். பிடி முறிந்த செய்திக்குச் சிரித்துவிட்டு, 'எனக்கும் இங்கே ஒரு காரியம் முறிந்துவிட்டது' என்று அவன் தொடங்கலாம். உண்மைச் செய்தி உண்மைச் செய்தியை அழைக்கும். பெருமையோ பெருமையை மட்டுமே திருப்பி அனுப்பும்.

சிறு செய்திகளின் அருமை இதனாலே விளங்கும். யூட்டா மாநிலத்துக்கே உரிய சில வேடிக்கைகள் உண்டு. வண்ண வண்ண ஜெலியை அங்கே விருந்துதோறும் விரும்பி உண்பர். 2001இல் அதனை மாநிலத்தின் சிற்றுண்டியாகவே பிரகடனம் செய்தனர். தேயிலை நாட்டவராகிய நமக்கு வியப்பளிக்கும் செய்தி மற்றொன்று: மோர்மன் வீடுகளிலே பெருநாட் காலையிலும் தேநீர் கிடையாது, கோப்பியும் கிடையாது. மதுவுடன் இவற்றையும் அவர்கள் சமயம் விலக்குகின்றது. பனிக்குளிருக்குச் சூடான சொக்கலேற் பானமே அருந்துவர். 1965 முதல் சோல்ட் லேக் நகரத்துக் கோயிற் சதுக்கத்தை நத்தார்க் காலத்தில் ஆயிரமாயிரம் விளக்குகளால் அலங்கரித்து வந்துள்ளனர். இந்த ஜெலியும் பானமும் விளக்கும் பிறருக்கு வெறும் தகவல். அவற்றோடு வளர்ந்தவனுக்கோ அவையே வீடு.

குடும்பங்களின் அடக்கிவைத்த ஏக்கத்தை 2020ஆம் ஆண்டு உலகம் நேரிற் கண்டது. கொள்ளைநோய் பரவியதால் பிற நாடுகளிலிருந்த மிசனரி இளைஞர் பல்லாயிரவர் திடீரென வீட்டுக்கு அழைக்கப்பட்டனர். மார்ச் 22ஆந் தேதி பிலிப்பீன் தீவுகளிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சோல்ட் லேக் விமான நிலையத்தில் வந்திறங்கினர். கூட்டங் கூடலாகாது என்ற காலம் அது. இருந்தும், மோட்டார் வண்டிகள் நிறுத்துமிடத்திலே குடும்பங்கள் பெருந்திரளாகக் கூடி, பிள்ளைகளைக் கட்டித் தழுவின. அதிகாரிகள் கண்டித்தனர்; கண்டனம் நியாயமானதே. எனினும், அத்தாய்மாரின் கைகள் ஏன் சட்டத்தை மறந்தன என்பதை விளக்க எவருக்கும் நூல் தேவைப்படவில்லை.

நம் வீடுகளுக்கு

சமயப் பணிக்காக அன்றாயினும், நம் வீடுகளிலும் பிள்ளைகள் தூரத்தே உளர். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் வளைகுடா நாடுகளிலும் அவர்கள் தைப்பொங்கலையும் தீபாவளியையும் வேலைநாளாகக் கழிக்கின்றனர். நினைத்த நேரத்தில் முகம் பார்த்துப் பேசும் வசதி நமக்குண்டு. அவ்வசதியைக் கொண்டு நாம் பேசுவதென்ன? 'சுகமா?' 'சுகம்.' 'சாப்பிட்டாயா?' 'ஓம்.' அதற்கு மேல் இருபுறமும் மறைப்பே. அம்மாவின் முழங்கால் நோவை மகன் அறியான். மகன் வேலை இழந்ததை அம்மா அறியாள். ஒருவரையொருவர் காப்பதாக எண்ணி, ஒருவருக்கொருவர் அந்நியராகின்றோம்.

ஆதலால் மாணவச் செல்வங்களுக்கு நாம் சொல்வது இது. வரும் பெருநாளன்று, தூரத்திலிருக்கும் அண்ணனுக்கோ அக்காளுக்கோ ஒரு பக்கம் எழுதுங்கள். பொங்கற்பானை எந்தப் பக்கம் பொங்கி வழிந்தது, தம்பி எந்தச் சட்டைக்கு அடம்பிடித்தான், கிணற்றிலே தண்ணீர் எவ்வளவு நிற்கின்றது, அப்பா இப்போது எத்தனை மருந்து எடுக்கின்றார் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பெருமையை ஒரு வரியோடு நிறுத்துங்கள். முடிவிலே, 'நீ எப்படி இருக்கிறாய்?' என்று கேட்டு, விடைக்குப் பொறுத்திருங்கள். முதல் விடை 'நலம்' என்றே வரும். இரண்டாவது கடிதத்திலே அவர் உண்மையை எழுதக்கூடும்.