ஏரிப் படிவுகளில் பழங்காலப் பாசிகள்

ஏரியின் அடியில் ஆண்டுதோறும் படியும் சேற்றில் பாசிகளின் தடயங்கள் எஞ்சியிருக்கும். அவற்றைக் கொண்டு, முற்காலத்தில் அந்நீரில் எவ்வகைப் பாசிகள் வாழ்ந்தன, நீரின் தன்மை எப்படி இருந்தது என்று கண்டறிவது தொல்ஏரியியலின் ஒரு பகுதியாகும்.

எல்லாப் பாசிகளும் ஒரே அளவில் தடயம் விடுவதில்லை. டயட்டம் என்னும் நுண்பாசியின் ஓடு சிலிக்காவால் ஆனது; எளிதில் மட்காது. ஓட்டிலுள்ள வரிகளை நுண்ணோக்கியில் பார்த்தே சிற்றினத்தைச் சொல்லிவிடலாம். நீலப்பச்சைப்பாசிக்கு இத்தகைய ஓடு இல்லை. அதன் நிறமிகளும் உறக்கநிலைச் செல்களுமே எஞ்சும். நிறமியோ வெளிச்சமும் காற்றும் பட்டால் சிதைந்துபோகும். ஆகவே, சேற்றில் டயட்டம் மிகுந்திருப்பதாலேயே ஏரியிலும் அதுவே மிகுந்திருந்தது என்று முடிவு கட்டக் கூடாது.

ஆய்வுக்கு, ஒரு குழாயைச் சேற்றில் செங்குத்தாக இறக்கி, அடுக்கு கலையாமல் எடுக்கின்றனர். கடந்த 100, 150 ஆண்டு அடுக்குகளின் வயதைக் காரீயம்-210 காட்டும். அதன் அரை ஆயுள் சுமார் 22 ஆண்டுகள். பழைய அடுக்குகளுக்குக் கார்பன்-14 பயன்படுகிறது.

இம்முறை ஒரு பெரிய வழக்கையே தீர்க்க உதவியது. ஐரோப்பிய ஏரிகளில் மீன்கள் அழிந்தபோது, காரணம் அமில மழையா, ஊசியிலை மரங்களை நட்டதா என்ற வாதம் எழுந்தது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிளவரும் பாட்டர்பீயும் இசுக்காட்லாந்து ஏரிகளின் சேற்றை ஆராய்ந்து 1983இல் முடிவுகளை வெளியிட்டனர். ரவுண்ட் லாக் ஆஃப் கிளென்ஹெட் என்னும் ஏரியில், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அமில நீரை விரும்பும் டயட்டம்கள் பெருகியிருந்தன. அந்த ஏரியைச் சுற்றி மரம் நடப்படவே இல்லை! பழி நிலக்கரிப் புகையின் மீது விழுந்தது.

நம் ஊர் ஏரிகளில் இதைச் செய்வது கடினம். காஞ்சிபுரம் அருகே ஐயங்கார்குளத்தில் சஞ்சீவிராயர் கோயிலை அடுத்துள்ள பெரிய குளம் போன்றவை மனிதர் வெட்டியவை. இப்பகுதி ஏரிகள் கோடையில் வற்றினால் அடிமண் வெடிக்கும், மேல்மண் வெடிப்பில் விழும், மாடுகள் மிதிக்கும். கரம்பை மண்ணை உழவர்கள் வயலுக்கு அள்ளிச் செல்வர். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஏரியைப் பேணுவது அத்தனை பழைய வழக்கம். தூர் வாரினால் ஏரி நீர் கொள்ளும், ஆனால் சேற்றின் கால வரிசை போய்விடும். மகாராட்டிரத்தின் லோனார் ஏரி விண்கல் மோதிய பள்ளம். அங்கே எடுத்த சுமார் 10 மீட்டர் படிவு ஏறத்தாழ 11,000 ஆண்டுகளைக் காட்டுகிறது.

இருந்தாலும் டயட்டம் ஓடுகள் வறட்சியையும் ஓரளவு தாங்கும். தூர் வாரும் முன் மடையை ஒட்டிய ஆழமான இடத்தில் ஒரு குழாய்ச் சேறு எடுத்து வைத்தால், முந்தைய தூர்வாரலுக்குப் பின் சேர்ந்த சில பத்தாண்டுகளின் நீர்நிலையையாவது அறிய வாய்ப்புண்டு.